அண்ணன் திருப்பிக் கேட்ட ராடுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு பழகிய அனைவருக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. அட்டையில் இருக்கும் படம் அவருக்குப் பிடிக்காத படம். சட்டையில் கிரீஸ் இல்லாமல் அவர் நின்ற படம் அது ஒன்றுதான் கிடைத்தது என்பதால் அதையே போட்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டாம் என்று குடும்பத்தில் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். "நீ எழுதுனா அந்தக் கதையத்தான் எழுதுவ. நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு?" என்றார் சித்தப்பா. நினைவு நாள் எப்படி நல்ல நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் மதினிதான் முடிவு சொன்னார்கள். "அவளே எழுதட்டும். அவுக இருந்தா எதைச் சொல்லியிருப்பாகளோ, அதை இவ ஒருத்திதான் மறைக்காம எழுதுவா."

ஆகையால் மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் தன் கையால் செய்து கொடுத்த கனெக்டிங் ராடு ஒன்று உடைந்துதான் என் கணவர் இறந்தார். அதே மாதிரி ராடுகள் இன்னும் சில, யார் யார் வண்டிக்குள்ளோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்குவதற்காகவே அண்ணன் தன் மிச்ச ஆயுளைச் செலவழித்தார். எல்லாவற்றையும் வாங்கி முடிக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. இந்த மலர் போய்ச் சேரும் வீடுகளில் ஏதாவது ஒன்றில் அப்படி ஒரு வண்டி நிற்கலாம் என்பதால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அண்ணன் பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். எங்கள் அப்பாவுக்குப் பெரும்பாலும் கரிமூட்டம்தான் வாய்த்தது. புகையைத் தின்று தின்று நெஞ்சு கெட்டு அவர் இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்துவிட்டார். மில்களுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. அம்மாவையும் என்னையும் சோற்றுக்கு அலையவிடாமல் காப்பாற்றியது அந்த வேலைதான். என்னைப் பன்னிரண்டு வரை படிக்கவைத்ததும், எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்ததும் அவர்தான். அதன் பிறகுதான் தன் கல்யாணத்துக்கே சம்மதித்தார். அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான்.

பிறகு பாளையம்பட்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அந்தச் சமயம் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் புதிதாக வருவது நின்று போயிருந்தது. ஆனாலும் நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஒரு கிறுக்கு. பழைய இரும்பாகப் பேரீச்சம்பழக்காரருக்குப் போக வேண்டிய வண்டிகளைத் தேடிப் பிடித்து, இன்ஜினைப் பிரித்து, புதிதாக வந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓடவைக்க வேண்டும் என்று அண்ணனிடம் கொண்டுவருவார்கள். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். யார் வண்டி முந்துகிறது என்பதில் பந்தயம், சண்டை, பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பாடு.

கனெக்டிங் ராடு என்றால் என்ன என்று தெரியாத என்னைப் போன்ற பெண்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. கீழே கிராங்கு சுற்றுகிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு சாண் கூட இல்லாத இரும்புக் கைதான் ராடு. கம்பெனியில் போட்ட ராடு கம்பெனி சொன்ன வேகத்துக்குத்தான் தாங்கும். அதைவிட வேகமாகச் சுற்றவிட்டால் உடையும். "வெடிச்சுத் தள்ளும்போது ஒண்ணும் ஆகாது பாப்பா. மேல போன பிஸ்டனைப் பிடிச்சு இழுத்துக் கீழ திருப்புதுல்ல, அந்த இழுப்புலதான் அத்துக்கிட்டுப் போகும்" என்று அண்ணன் சொல்வார். பாப்பா என்பது நான். எனக்குத் தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த இழுப்பைத் தாங்கும்படி ராடு செய்வதில் அண்ணனுக்கு நிகர் இந்த வட்டாரத்தில் கிடையாது. கொஞ்சம் பெரிய இன்ஜினுக்கு அடித்த நல்ல ராடாகப் பார்த்து எடுப்பார். இரண்டு முனைகளையும் பழைய இன்ஜினுக்குத் தக்கபடி கடைந்து சேர்ப்பார். அச்சில் அடிக்கும்போது ராடின் இரண்டு பக்கமும் ஒரு மேடு ஓடியிருக்கும். அதை முழுக்கத் தேய்த்து எடுப்பார். தேய்ப்பதும் நீளவாக்கில்தான். குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டால் அன்றைக்குப் பட்டறையில் இருக்கும் ஆட்களுக்கு வசவு நிச்சயம். "குறுக்க கீறினா அது கீறல் இல்லலே, விரிசலுக்கு வழி" என்பார். பிறகு கோயம்புத்தூருக்கு அனுப்பி, பொடி இரும்புக் குண்டுகளால் அடித்து மேல்தோலை இறுக்கி வாங்குவார். திரும்பி வந்ததும் நகைக்கடைத் தராசில் எடை பார்ப்பார். இவ்வளவும் நான் கண்ணால் பார்த்தது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியாக அண்ணன் ஒரு காரியம் செய்வார். ராடின் நடுத்தண்டில், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய அதே இடத்தில், சுழி வடிவம் வெட்டிய உளியை வைத்து ஒரே அடியில் பிள்ளையார் சுழியைக் குத்துவார்.

அது ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நல்ல ராடைப் போட்டு வண்டியைக் கொடுத்தால், பிறகு வேறு எங்காவது இன்ஜினைப் பிரிக்கும்போது மெக்கானிக்குகள் அதை எடுத்துக்கொண்டு சாதா ராடைப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம் இருந்தது. அடையாளத்துக்கு ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மில் சாமான்களில் முதலாளி பேரின் முதல் எழுத்தைக் குத்திக் கொடுத்துப் பழகிய கைதானே? நல்ல காரியம் என்று நினைத்துச் சுழியாகவே குத்தினார். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்குப் பிறை குத்தத் தனி உளி வைத்திருந்தார். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குச் சிலுவை. கொஞ்ச காலத்தில் அது அடையாளம் என்பது போய் காப்பு என்று ஆகிவிட்டது. "அண்ணே, சுழி குத்தாமக் குடுத்துறாதீக, எங்கம்மா வண்டிய வீட்டுக்குள்ள விடாது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். குறுக்கே ஒரு கீறலைப் பொறுக்காத மனுஷன், சாமி பேரால் தானே ஒரு குழியைப் போடுகிறோம் என்று யோசிக்கவே இல்லை. சாமி காரியத்தில் யார்தான் யோசிக்கிறோம்?

என் கணவரும் அண்ணனும் ஒரே வயது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேக்காளிகள். கணவர் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பட்டறையே கதி. "மச்சான், உம்ம தங்கச்சியக் கட்டிக்கிட்டு இம்புட்டு வருசமா வாயத் தொறக்காம இருக்கேன். அதுக்கு ஒரு ராடாச்சும் சீராப் போட்டுக் குடுக்கப்படாதா?" என்பார் என் காது கேட்க. "ஏலே மாப்ள, ராடு தாரேன். ஆனா வாயத் தொறக்காதது நீயின்னு சொல்லுத பாத்தியா, அதுக்குத்தான் உன்ன உதைக்கணும்" என்பார் அண்ணன். அப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு ராடைச் செய்து, சுழி குத்தி, அவர் வண்டியில் போட்டுக் கொடுத்தார். வருஷக்கணக்கில் ஓடியது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அந்த வண்டியில்தான்.

பெருந்தொற்றுக்கு முந்தின வருஷக் கோடையில், திருச்சுழி பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த ராடு அறுந்தது. அறுந்த துண்டு இன்ஜின் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. வண்டி தூக்கி அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தும் பிரயோஜனம் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எனக்குச் சேதி வந்தபோது சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் நடந்தது எதுவும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வேகமாகப் போனான், போய்ச் சேர்ந்தான் என்றார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அண்ணன் மட்டும் அதோடு விடவில்லை. உடைந்த வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினைப் பிரித்திருக்கிறார். மதினி சொன்னார்கள், உள்ளேயிருந்து வெகுநேரம் சத்தமே இல்லையாம். பயந்துபோய்த் தட்டியிருக்கிறார்கள். ஷட்டரைத் தூக்கிய அண்ணன் கையில் ராடின் பாதித் துண்டு இருந்ததாம்.

கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடி வந்தது. புருஷன் போன பெண்ணுக்கு அண்ணன் தம்பி கொண்டுவந்து போட வேண்டிய சேலை அது. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அண்ணன் பந்தலுக்குள் வந்தார். உங்களில் பலர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். தாம்பாளத்தில் சேலையின்மேல் அந்த உடைந்த துண்டு இருந்தது. "இதைச் சொல்லாம நான் கோடி போடக் கூடாது" என்று ஆரம்பித்தார். "மாப்ள வேகமாப் போனதால சாகல. இந்தா பாருங்க, உடைஞ்ச வாயில பாதி வழுவழுன்னு கறுத்திருக்கு, பாதிதான் புதுசா அத்திருக்கு. கறுத்தது ரொம்ப நாளா விட்டுக்கிட்டே வந்த விரிசல். அது ஆரம்பிக்கிற எடம் நான் குத்துன சுழி. எங்கையிதான் மாப்ளயக் கொன்னுருச்சு."

முதலில் பேசியது சித்தப்பா. "ஏய், பேசாம இரு. கேஸு கீஸுன்னு ஆயிரும். போனது போயிருச்சு." அண்ணன் காதில் அது ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தாம்பாளத்தைத் தட்டிவிட்டேன். "அண்ணே, இந்தக் கையாலயா எனக்குக் கோடி போட வந்தீக? எந்தலையில மண்ணள்ளிப் போட்டுட்டு, கூடவே சேலையுமா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதையும் நான் திரும்பப் பெறவில்லை, ஏனென்றால் அவ்வளவும் அப்போது உண்மை. அண்ணன் குனிந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். மண்ணில் கிடந்த சேலையை மதினி எடுத்து உதறி என் தோளில் போட்டார்கள்.

மறுநாளே அண்ணன் கிளம்பிவிட்டார். சுழியும் பிறையும் சிலுவையும் குத்திக் கொடுத்த ராடுகளையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்று. எத்தனை என்று அவருக்கே தெரியாது. எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. முகத்தையும் வண்டியின் நிறத்தையும் வைத்துத்தான் ஞாபகம். பட்டறைக்கு எதிரே பழைய சாமான் கடை வைத்திருந்த காசிம் பாய்தான் முதல் ஆள். சவூதியில் கனரக வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் வண்டியில் பிறை குத்திய ராடு இருந்தது. அண்ணன் போய்ச் சொன்னதும் அன்றைக்கே இன்ஜினை இறக்கிக் கொடுத்துவிட்டார். "பிறைன்னா என்ன, சுழின்னா என்னண்ணே, இரும்புக்கு ரெண்டும் காயந்தானே" என்றாராம். அத்தனை பேரும் அப்படி இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

மற்றவர்களில் பலர் எளிதில் கொடுக்கவில்லை. சும்மா மாற்றிக் கொடுக்கிறேன், வேறு நல்ல ராடு போட்டுத் தருகிறேன் என்று அண்ணன் வாசலில் நின்று கெஞ்சினார். "சுழியப் போயி எடுக்கச் சொல்லுதீகளே, பிள்ளையாருக்கு ஆகுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "உம்ம மச்சினன் விதி அது. எங்க வண்டியில ஒரு கொறையும் இல்ல" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. பித்துப் பிடித்துவிட்டது என்றும் பேசினார்கள். வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கியவர் பெயரைக் கேட்டு, அங்கே போய், அவர் விற்ற இடத்துக்கும் போவார். ஒரு வண்டி அப்படியே கை மாறி மாறி, குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிற இடத்தில் காவல் இருந்த ஒருவரிடம் அகப்பட்டது. அந்த மனிதருக்குத் தன் வண்டிக்குள் ராடு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. அண்ணன் இப்படித் தேடி அலைகிறார் என்று பரவியதும், அந்த ராடுகளுக்கு ஏதோ பெரிய மதிப்பு இருக்கிறது என்று ஆகிவிட்டது. வேறு பட்டறைகளில் சாதா ராடை வாங்கி அதில் சுழி குத்தி விற்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் இன்ஜினைப் பிரித்து ஒரு ராடைக் கையில் எடுத்த அண்ணன் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். சுழி இருந்தது, அது அவர் குத்தியது இல்லை. "நான் குத்தல. ஆனா நான்தான குத்தக் கத்துக் குடுத்தேன்" என்று காசிம் பாயிடம் சொல்லிவிட்டு அதையும் மாற்றிக் கொடுத்தார். யார் குத்தியதாக இருந்தாலும் எல்லாம் தன் கணக்கு என்று வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது திருச்சுழி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது. காலையில் நான் ஏறும் பஸ்ஸில் அண்ணனும் பல நாள் இருப்பார். நான் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். மடியில் ஒரு சாக்குப்பை, உள்ளே ஸ்பானர்கள். ஒருநாள் முன் சீட்டிலிருந்து திரும்பி, "பாப்பா, மாப்ள யார் யாருக்கு என்கிட்டச் சொல்லி ராடு வாங்கிக் குடுத்தாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது ஒரு பெயர். பிறகு இன்னொரு பெயர். எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிவிட்டேன்.

அதில் ஒருவர் அண்ணனைப் பலமுறை திருப்பி அனுப்பியவர். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அவரிடம் பேசவில்லை. வாசலில் நின்ற அவர் மனைவியிடம், "எம் புருசன் செத்த ராடும் இதும் ஒரே கை செஞ்சது. நீங்க பாத்துக்கோங்க" என்றேன். அந்தம்மா என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து, யாராவது முரண்டு பிடித்தால் நான் போவேன். என் வெறும் கழுத்தைக் காட்டித்தான் பல ராடுகள் வெளியே வந்தன. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து எரிச்சலில் பாத்திரங்களைப் போட்டு உடைப்பேன். அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அடுத்து எந்த ஊர், எந்தப் பஸ்ஸு என்பதுதான் எங்கள் பேச்சு.

வாங்கி வந்த ராடுகளை அண்ணன் சோதிக்கும் விதம் இது: மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுவார். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். பெரும்பாலான ராடுகளில் கோடு விழவில்லை. அதைப் பார்த்துச் சிலர், "ஒண்ணும் இல்லையே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேலி செய்தார்கள். அண்ணன் சுழி இருந்த இடத்தில் ராடை இரண்டாக அறுத்துப் போடுவார். வீட்டுக்குப் போனதும், "ஒண்ணுலயாச்சும் தெரிஞ்சா நம்புவாக" என்று மதினியிடம் சொல்வாராம். இன்னொரு உயிர் ஆபத்தில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. ஆனாலும் அவர் மனசு எவ்வளவு அல்லாடியது என்று பாருங்கள்.

வெயிலும் பட்டினியும், இடுப்பு வலிக்கு அவர் போட்ட மாத்திரைகளும் சேர்ந்து சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனது. ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு மற்ற நாட்களில் பஸ் ஏறினார். தேடிக் கண்டுபிடித்தவர்களில் கமுதி பக்கம் ஒருவர் மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. அண்ணனைக் கண்டாலே கம்பை எடுப்பாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு தப்புவதற்கு முன்னால், "அந்தக் கமுதிக்காரர் குடுத்தாரா?" என்று என்னிடம் கேட்டார். குடுத்துவிட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "இல்லண்ணே" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அண்ணனை வீட்டில் கிடத்தியிருந்தபோது நான் அழவில்லை. அழாததைப் பார்த்து உறவுப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். என் கண்ணீரெல்லாம் முன்னமே தீர்ந்துபோயிற்று என்று இருந்தேன்.

மத்தியானம் போல யாரோ ஒருவர் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மாலை இல்லை. அண்ணன் காலடியில் போய் நின்றுகொண்டே இருந்தார். காசிம் பாய்தான் அவரை அடையாளம் கண்டு என்னிடம் வந்து சொன்னார், அந்தக் கமுதிக்காரர் என்று. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய், "இப்ப எதுக்கு வந்தீக? கம்பைக் கொண்டு வரலையா?" என்று கேட்டேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ராடு. "செத்துட்டாருன்னு நேத்து ராத்திரி சேதி வந்துச்சும்மா. மனசு கேக்கல. விடிஞ்சதும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிட்டேன்" என்றார். காசிம் பாய் அதை வாங்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து, அண்ணன் செய்கிற மாதிரியே மண்ணெண்ணெய் தடவித் துடைத்தார். என் மகள் சாக்பீஸ் எடுத்துவந்து பொடித்துக் கொடுத்தாள். பொடியைத் தூவிவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சுழியின் வாலிலிருந்து ஒரு ஈரக்கோடு கிளம்பி, ராடின் குறுக்கே பாதிக்குமேல் போய் நின்றது.

கமுதிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்மகளைப் பின்னால ஒக்கார வச்சு டெய்லி காலேஜ் பஸ்ஸுக்குக் கொண்டு போயி விட்டேனே தாயி" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அந்த ராடை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். "அண்ணே, குடுத்துட்டாருண்ணே" என்று சொன்னேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என் கணவருக்காக அழுததைவிட அதிகமாக அழுதேன் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு அழுதேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முகம் சுளிக்காமல் வண்டியைப் பிரிக்கக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே கும்பிடு போட வேண்டும். சொந்த வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு ஊர் ஊராக அலைந்த காசிம் பாய்க்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அது போதாது. மதினிக்கு நான் சொல்லப்போவது எதுவும் இந்த மலருக்குள் அடங்காது.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்து, அதன் இன்ஜின் எங்காவது வேகத்துக்காகப் பிரித்து மாட்டப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் ராடு எப்படிப்பட்டது என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். சுழியோ, பிறையோ, சிலுவையோ, பெயரின் முதல் எழுத்தோ, எந்த அடையாளம் தண்டில் குத்தியிருந்தாலும், யார் குத்தியிருந்தாலும் அது வெளியே வந்தாக வேண்டும். அண்ணன் கடைசியாகச் செய்துவைத்த ராடுகள் பாளையம்பட்டிப் பட்டறையில் எண்ணெய்த்தாளில் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் எந்தக் குத்தும் கிடையாது. அடையாளத்துக்கு ஒரு நூல் மட்டும் கட்டியிருக்கும், மாட்டும்போது அதை அவிழ்த்துவிட வேண்டும். காசிம் பாய் மாற்றிக் கொடுப்பார். பக்கத்து ஊராக இருந்தாலும், அவசரம் என்றாலும், ஒரே ஒருமுறைதானே என்று தோன்றினாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். தள்ளிக்கொண்டே வாருங்கள்.